ரேஷன் கார்டு போய்விடும் என்று பயந்து நல்ல சம்பள வேலையை மறுப்பவருக்கு எப்படி உதவுவது?

நீங்களும் பெங்களூரில்தான் இருக்கிறீர்கள், வீட்டு வேலைக்கு வரும் அம்மா அப்படிச் சொல்லியிருக்கிறார் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். தயவுசெய்து 'உழைக்க மனசில்லை' என்று ஆரம்பித்துவிடாதீர்கள். கர்நாடகத்தில் பி.பி.எல்., அதாவது வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கான ரேஷன் கார்டுக்கு வருமான வரம்பு மொத்தக் குடும்பத்துக்கும் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். அதாவது மாதம் பத்தாயிரம். இந்த ஊரில் புருஷனும் பெண்சாதியும் வேலைக்குப் போனாலே அது தாண்டிவிடும். 2024 நவம்பரில் கார்டுகளை ரத்து செய்து, சத்தம் கிளம்பியதும் திருப்பிக் கொடுத்த கூத்தைப் பார்த்தவர்களுக்குப் பயம் வராமல் என்ன செய்யும்?

எங்கள் வீட்டில் சமைத்த அக்கா ஈஜிபுராவில் இருக்கிறார், சொந்த ஊர் திருப்பத்தூர் பக்கம். ஒரு ஆபீஸில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர் வேலை வந்தது. பிடித்தம் போகவும் கைக்கு வருவது அதிகம். "வேணாம்மா, கார்டைப் புடுங்கிட்டா அவருக்கு வைத்தியம் யாரு பார்ப்பா?" என்றார். வீட்டுக்காரருக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறது.

காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒவ்வொன்றாக எழுதினோம். சாதா அரசு பஸ்ஸில் இலவசம் மாநிலத்துப் பெண்கள் எல்லோருக்கும்தான், கார்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 200 யூனிட் வரைக்கும் கரண்ட்டும் அப்படியே. குடும்பத் தலைவிக்கு மாதாமாதம் தருகிற கிருஹலட்சுமி 2,000 ரூபாய் ஏ.பி.எல். (வறுமைக் கோட்டுக்கு மேலே உள்ளவர்களுக்கான) கார்டுக்கும் உண்டு, அவரோ கணவரோ வருமான வரி, ஜி.எஸ்.டி. கணக்கில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். நிஜமாகப் போவது அரிசி. அப்புறம், ஆயுஷ்மான் என்கிற அரசு மருத்துவத் திட்டத்தில் வருஷத்துக்கு 5 லட்சம் வரை கிடைக்கிற வைத்தியம். ஏ.பி.எல். என்றால் அந்தச் சிகிச்சைக்கு அரசு வைத்திருக்கிற பேக்கேஜ் தொகையில் 30 சதவீதம்தான் அரசு தரும்.

அக்காவின் பயமெல்லாம் அந்தக் கடைசி வரியில்தான். அதற்குத்தான் இ.எஸ்.ஐ., தொழிலாளர்களுக்கான காப்பீடு. சம்பளம் 21,000 வரை என்றால் 0.75 சதவீதம் பிடிப்பார்கள், கணவருக்கும் வைத்தியம் உண்டு. பெரிய சிகிச்சைக்குக் கொஞ்ச காலம் சந்தா போயிருக்க வேண்டும் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். தாளை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு, "இ.எஸ்.ஐ. நம்பரை மொதல்ல குடுக்கச் சொல்லு, அப்புறம் பேசலாம்" என்றார். கொடுத்தார்கள், சேர்ந்துவிட்டார்.

'வரம்பு தாண்டியும் கார்டை வைத்துக்கொள்ளச் சொல்கிறாயா' என்று கமென்ட் போட வருபவர்களே, இல்லை. போகிற கார்டு போகட்டும். அதோடு எது போகும், எது போகாது என்று தெரிந்து முடிவெடுக்கட்டும் என்கிறேன்.

எங்கள் அபார்ட்மெண்ட் குழுவில் இதற்கும் ஒருவர், "இப்படிக் கிளப்பிவிட்டால் சமையலுக்கு ரேட் ஏறிவிடும்" என்று எழுதினார். சங்கத்தில் பெரிய பதவி வேறு. பல மாதமாகச் செத்துக் கிடக்கிற சர்வீஸ் லிஃப்டைச் சரிசெய்யத் துப்பில்லை. சிலிண்டர் தூக்கி வருகிற பையனை மெயின் லிஃப்டில் ஏற்றக் கூடாதாம். ஆனால் நீச்சல்குளத்துக்குப் புது டைல்ஸ் போட எங்களிடம் வசூல் நடக்கிறது.