எசேக்கியா சுகமான பிறகு: கேள்வி பதில்

"என் ஆயுசின் வருஷங்களிலெல்லாம் அந்தக் கசப்பை நினைத்து நடந்துகொள்வேன்" (ஏசாயா 38:15). சுகமான பிறகும் கசப்பா?

சகோதரி, இது மனக்கசப்பு அல்ல. யூதாவின் ராஜாவான எசேக்கியா சாகக் கிடந்து, முகத்தைச் சுவர்ப்புறமாய்த் திருப்பி அழுத அந்த வேளையின் கசப்பு. 'நடந்துகொள்வேன்' என்பதற்கான எபிரெய வினை அபூர்வமானது. சங்கீதம் 42:4-இல் கூட்டத்தோடு தேவாலயத்துக்குப் போகிற நடைக்கும் அதுவே. 38:22-இல் ராஜா கேட்பதும் ஆலயத்துக்குப் போவதைப் பற்றித்தான். தாழ்மை இங்கே அவசரமில்லாத ஒரு நடை. 38-ஆம் அதிகாரத்தைப் படித்தால், பாபிலோன் தூதர் வருகிற 39-ஐயும் படியுங்கள்.

வியாதி பாவத்தினால் வந்ததா?

இந்த அதிகாரம் அப்படிச் சொல்லவில்லை.

ராஜாவின் கட்டிக்குப் போட்டதுபோல (38:21) நானும் அத்திப்பழ அடை போடலாமா?

மருத்துவரிடம் காட்டுங்கள்.

பாபிலோன் தூதருக்கு அரண்மனையைக் காட்டியது அரச மரியாதைதானே ஐயா? அதில் என்ன பெருமை?

நல்ல வாதம். ஆனால் அவர்கள் எதற்கு வந்தார்கள்? தேசத்தில் நடந்த அற்புதத்தை விசாரிக்க (2 நாளாகமம் 32:31). காட்டப்பட்டதோ வெள்ளி, பொன், கந்தவர்க்கம், பரிமளதைலம், ஆயுதசாலை. ஏசாயா வந்து கேட்டபோதும் பதில்: "என் வீட்டிலுள்ள எல்லாவற்றையும்", "என் பொக்கிஷங்களில்". எத்தனை 'என்'! சுகம் தந்தவரைப் பற்றி அந்தப் பதிலில் ஒரு சொல்கூட இல்லை.

அப்படியானால் 38:15 வெறும் பேச்சா?

இல்லை தம்பி. உண்மையாகவே சொன்னார், பிறகு மறந்தார். "உபகாரத்திற்குத்தக்கதாய் நடவாமல்" மனமேட்டிமையானார் என்கிறது 2 நாளாகமம் 32:25. அடுத்த வசனத்திலேயே தம்மைத் தாழ்த்தினார். ஒரு வசனத்தை மட்டும் பிய்த்து எடுத்தால் பொய்யராகவும் தெரிவார், பரிசுத்தவானாகவும் தெரிவார்.

வியாதிக்குக் காரணம் பாவமா?

மேலே சொல்லியாயிற்று. யோவான் 9:3-ஐயும் பாருங்கள்.

விடுதலை பெற்றவர் நடைமுறையில் என்ன செய்வது?

நடந்ததை எழுதி வையுங்கள். ராஜாவும் எழுதினார் (38:9). பொருத்தனை (தேவனுக்கு நேர்ந்துகொண்ட வாக்கு) செய்திருந்தால் சபையார் முன்பாகச் செலுத்துங்கள் (சங்கீதம் 116:14). யாராவது விசாரித்தால் வீட்டையும் சம்பாத்தியத்தையும் காட்டுமுன் அழுத வேளையைச் சொல்லுங்கள். முக்கியமாக, பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 38:19 தகப்பன் பிள்ளைகளுக்குத் தெரிவிப்பதைப் பற்றியது. எசேக்கியாவின் மகன் மனாசே அவருக்குப் பின் பட்டத்துக்கு வந்தது 12 வயதில். வேதக் கணக்கை அப்படியே எடுத்தால், ராஜாவின் ஆயுசோடு கூட்டிக் கொடுக்கப்பட்ட 15 வருஷத்துக்குள் (38:5) பிறந்த பிள்ளை. தகப்பன் இடித்த விக்கிரக வழிபாட்டு மேடைகளை அவன் திரும்பக் கட்டினான் (2 இராஜாக்கள் 21:3).