ரெண்டு நாள்ல திரும்ப ஆரம்பிச்சிடுறான்

அண்ணா, வணக்கம். கோவைல இன்ஜினியரிங் மூணாவது வருஷம் படிக்கிறேன். புகையிலைக்கு எதிரா என்எஸ்எஸ்ல ஒரு டீம் போட்டு நுரையீரல் போஸ்டர், ஸ்கிட், உறுதிமொழின்னு எல்லாம் பண்ணோம். ஸ்கிட் முடிஞ்ச கையோட அதுல நடிச்சவனே கேட்டுக்கு வெளிய போய் தம் அடிக்கிறான். என் ரூம்மேட்டுக்கு நிஜமாவே விடணும்னு ஆசை, ஆனா ரெண்டு நாள்ல திரும்ப ஆரம்பிச்சிடுறான். வார்டன்கிட்ட பேர் லிஸ்ட் குடுத்துடலாம்னு டீம்ல சிலர் சொல்றாங்க. என்ன பண்ணலாம்?
– ஒரு வாசகர்

தம்பிக்கு,

போஸ்டரை விடுப்பா. 2016ல இருந்து சிகரெட் பாக்கெட்லயே 85 சதவீத இடத்துக்கு அந்தக் கோரப் படம் இருக்கு, அதைக் கையில வெச்சுக்கிட்டுதான் பத்த வைக்கிறாங்க, லூஸ்ல ஒண்ணு வாங்குறவன் அதையும் பாக்குறதில்ல.

உங்க டீம்ல யார் யார் இருக்காங்க? முதல் பெஞ்சு, சார் சொன்னா கேக்குற பசங்க, சரியா? இங்கிலாந்துலயும் வேல்ஸ்லயும் 59 ஸ்கூல்ல அசிஸ்ட்னு ஒரு சோதனை செஞ்சு பாத்தாங்க, 2008ல லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல வந்துச்சு. அதுல ஆளை வாத்தியார் எடுக்கல, 12, 13 வயசுப் பசங்ககிட்டயே உங்க செட்ல யார் பேச்சு எடுபடும்னு கேட்டு, அதிக ஓட்டு வாங்கினவங்களுக்கு ட்ரெய்னிங் குடுத்தாங்க. அவங்களுக்கு மைக்கும் இல்ல மேடையும் இல்ல, பஸ்லயும் லஞ்ச்லயும் சும்மா பேசுற பேச்சுக்கு நடுவுல இதையும் பேசணும், பத்து வாரம், அவ்ளோதான். மத்த ஸ்கூல்களை விட அங்க தம் அடிக்கிறது குறைஞ்சது. நம்ம சென்னைலயும் டெல்லிலயும் 32 ஸ்கூல்ல மைத்ரின்னு ரெண்டு வருஷம் நடந்துச்சு, அங்கயும் பசங்களே பசங்களுக்கு லீடர், அங்கயும் பலன் தெரிஞ்சது. ஸ்கிட்ல நடிச்சிட்டு தம் அடிக்கப் போனான்னு சொன்னியே, அவன் பேச்சைத்தான் நாலு பேர் கேப்பாங்கன்னு எனக்குத் தோணுது, அவனைக் கழட்டி விட்டுடாத.

ஆனா ஒண்ணு, இதெல்லாம் பெரும்பாலும் ஆரம்பிக்காம தடுக்குற கதை. உன் ரூம்மேட் கேஸ் வேற, அவன் உடம்பு நிகோட்டினுக்குப் பழகிடுச்சு. விட்ட முதல் ரெண்டு மூணு நாள்தான் எரிச்சல், தூக்கமின்மை, எதுலயும் மனசு நிக்காததுன்னு எல்லாம் உச்சத்துல இருக்கும், அப்புறம் ரெண்டுலருந்து நாலு வாரத்துல படிப்படியா அடங்கும். அவன் சரியா அந்த உச்சத்துலதான் விழுறான், மன உறுதி இல்லாதவன்னு நீங்க முத்திரை குத்திட்டீங்க (ஹாஸ்டல்ல பட்டப்பேர் கூட வந்திருக்கும்). அந்த நாள்ல அவன் உன்மேல எரிஞ்சு விழுந்தா திருப்பிக் கத்தாத. இன்டர்னல்ஸ் வாரத்துல விடச் சொல்லாத. நினைப்பு வந்தா சில நிமிஷத்துல தணிஞ்சிடும், அந்த நேரம் அவனைத் தனியா விடாம இருக்குறதுதான் உன் வேலை, அட்வைஸ் வேணாம், மெஸ் முடிஞ்சதும் டீக்கடைப் பக்கம் போகாம கிரவுண்டை ஒரு ரவுண்டு கூட நட, போதும். நடுவுல ஒண்ணு அடிச்சிட்டா "போச்சுடா"ன்னு சொல்லிடாத, பல பேர் பல தடவை முயற்சி பண்ணிதான் விடுறாங்க.

மெடிக்கல்ல நிகோட்டின் கம் கிடைக்கும், டாக்டரையோ ஃபார்மசிஸ்ட்டையோ கேட்டு வாங்கச் சொல்லு. பபிள்கம் மாதிரி மென்னு தள்ளக் கூடாது, மெல்ல மென்னு சுருக்குன்னு வந்ததும் கன்னத்துக்குள்ள ஒதுக்கி வைக்கணும். முக்கியமா, டீ, காபி குடிச்ச கையோட போட்டா நிகோட்டின் சரியா உறிஞ்சாது, ஒரு கால் மணி நேரம் விட்டுப் போடணும். நம்மாளுங்க டீயோடயே போட்டுட்டு கம் வேஸ்ட்னு சொல்றாங்க. அவனுக்கு உன்கிட்ட பேசக் கூச்சமா இருந்தா 1800-11-2356, மத்திய அரசோட இலவச லைன், கவுன்சலர் பேசுவாங்க.

வார்டன் லிஸ்ட் விஷயம். வேணவே வேணாம். ஒரு பேர் போச்சுன்னா அப்புறம் அந்த ஃப்ளோர்ல ஒருத்தனும் உங்க டீம்கிட்ட வாயைத் திறக்க மாட்டான், தம் மொட்டைமாடிக்கு மாறும் அவ்ளோதான். வார்டன்கிட்ட கம்ப்ளைன்ட் பண்ணியே ஆகணும்னா கடையைப் பத்தி பண்ணுங்க, கல்வி நிறுவனத்துல இருந்து 100 கெஜத்துக்குள்ள சிகரெட் விக்கக் கூடாதுன்னு 2003 சட்டமே இருக்கு, உங்க கேட்டுக்கு எதிர்ல இருக்குற பொட்டிக்கடை எவ்ளோ தூரம்னு டேப் வெச்சு அளந்துட்டு எழுதிக் குடுங்க.