உறங்கும் ஹெர்ப்பிஸ் வைரஸும் ஆய்வு விலங்குகளும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஹெர்ப்பிஸ் குடும்பத்தைச் சேர்ந்த மனித சைட்டோமெகலோ வைரஸைப் புரிந்துகொள்வதற்காகச் சுண்டெலிக்கே உரிய வேறொரு வைரஸை ஆராய்கிறார்கள். இது எப்படிப் பொருந்தும்?

பதில்: ஹெர்ப்பிஸ் குடும்பத்து வைரஸ்கள் பெரும்பாலும் ஓர் உயிரினத்தோடு மிக நெடுங்காலம் சேர்ந்தே பரிணமித்தவை என்பதால், மனித சைட்டோமெகலோ வைரஸ் சுண்டெலியின் உடலில் பெருகுவதில்லை. அதனால்தான் சுண்டெலியின் சொந்த சைட்டோமெகலோ வைரஸ் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. வாழ்நாள் முழுதும் உடலில் தங்கும் தொற்று நோயெதிர்ப்பு அமைப்பை எவ்வாறு மாற்றுகிறது என்று அறிய இது சிறந்த வழி. வைரஸுக்கு எதிரான டி செல்களில் (நோயெதிர்ப்பு வெள்ளையணுக்களில்) சில வகைகள் குறையாமல் பெருகிக்கொண்டே செல்வது சுண்டெலியில் தெளிவாகத் தெரிந்தது, மனிதரிலும் அதற்கு ஒப்பானது காணப்படுகிறது. ஆனால், கருவிலுள்ள குழந்தைக்குத் தொற்று எப்படிப் பரவுகிறது என்பது உங்கள் கேள்வியானால் சுண்டெலி உதவாது. அதன் வைரஸ் பொதுவாக நஞ்சுக்கொடியைக் கடப்பதில்லை. கினிப்பன்றியின் சைட்டோமெகலோ வைரஸ் கடக்கிறது. எனவே எந்த விலங்கு என்பதைக் கேள்விதான் தீர்மானிக்க வேண்டும்.

கேள்வி: சுண்டெலிக்கு ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸைச் செலுத்தினால், மனிதருக்கு வருவதுபோல் புண்கள் திரும்பத் திரும்ப வருமா?

பதில்: பெரும்பாலும் வராது. கருவிழியில் இட்ட வைரஸ் நரம்பிழைகள் வழியே சென்று, முகத்தின் உணர்வு நரம்புகளுக்குரிய நரம்பணுத்திரளில் (நரம்பணுக்களின் தொகுப்பில்) பெருகாமல் ஒளிந்திருக்கும் உறங்குநிலையை அடைகிறது; இதுவரை மனிதரில் நிகழ்வதைப் போன்றதே. ஆயினும் சுண்டெலியில் அது தானாக விழித்தெழுவது மிக அரிது என்பதால், ஆய்வாளர்கள் நரம்பணுத்திரளை வெளியே எடுத்து வளர்க்கவோ, விலங்கின் உடல் வெப்பத்தைச் சிறிது நேரம் உயர்த்தவோ வேண்டியிருக்கிறது. மீளெழுச்சியையே ஆராய விரும்புவோர் முயலை நாடுகிறார்கள். அதன் கண்ணீரில் வைரஸ் தானாகவே அவ்வப்போது வெளிப்படுகிறது. ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸின் இரண்டாம் வகை வைரஸால் பிறப்புறுப்பில் தொற்றுக்குள்ளான கினிப்பன்றிக்கும் புண்கள் தாமாகவே மீண்டும் வருகின்றன. உறங்கும் வைரஸின் டிஎன்ஏவையே வெட்டி அழிக்கும் முயற்சிக்கோ சுண்டெலியே போதுமானதாக இருந்தது: 2020-இல் வெளியான ஆய்வில், மேற்கழுத்து நரம்பணுத்திரளில் உறங்கிய வைரஸ் 90 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. மிகுந்த நம்பிக்கை தரும் முடிவு இது. என்றாலும், எஞ்சிய வைரஸ் மனிதரில் எத்தனை முறை விழித்தெழும் என்பதை, வைரஸ் தானாக அரிதாகவே விழித்தெழும் விலங்கால் சொல்ல முடியாது.

கேள்வி: கினிப்பன்றியில் பலன் தந்த தடுப்பூசி மனிதரில் தோற்றதே, பிறகு ஏன் அந்த விலங்கையே நம்புகிறீர்கள்?

பதில்: ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸின் உறைப்புரதம் ஒன்றைக் கொண்ட தடுப்பூசியைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்று கொள்கிறேன். 8,323 பெண்கள் பங்கேற்று 2012-இல் முடிவு வெளியான சோதனையில், அது முதல் வகை வைரஸால் வரும் பிறப்புறுப்பு நோயை 58 விழுக்காடு குறைத்தது; இரண்டாம் வகைக்கு எதிராகப் பயன் தரவில்லை. ஆய்வகத்தில் விலங்குக்கு ஒரே முறை, தடுப்பூசிக்குச் சில வாரங்களுக்குள் வைரஸ் தரப்படுகிறது. மனிதரோ பல மாதங்கள், பல முறை அதை எதிர்கொள்கிறார். புண் வரவில்லை என்பதோடு நின்றுவிடாமல், நரம்பணுத்திரளில் வைரஸ் குடியேறியதா என்றும் அளந்த பிறகே ஒரு தடுப்பூசியை மேலே கொண்டுசெல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: உறங்கும் வைரஸால் உடலுக்கு நன்மையும் உண்டா?

பதில்: சுண்டெலியில் அத்தகைய விளைவு பதிவாகியுள்ளது. ‘காமாஹெர்ப்பிஸ் வைரஸ் 68’ என்னும் ஹெர்ப்பிஸ் வைரஸ் உடலில் உறங்கிக்கொண்டிருந்த சுண்டெலிகள், லிஸ்டீரியா, பிளேக் ஆகிய பாக்டீரியாக்களை நன்கு எதிர்த்தன என்று 2007-இல் அறியப்பட்டது. அப்பாதுகாப்பு சில மாதங்களில் மங்கிவிடுவதாகப் பின்னர் தெரிந்தது.

கேள்வி: வளர்ப்பூடகத்தில் மனித நரம்பணுக்களை வளர்த்தால் விலங்குகள் தேவைப்படாது அல்லவா?

பதில்: வைரஸின் மரபணுக்கள் எவ்வாறு அடக்கப்படுகின்றன என்ற கேள்விக்கு அது போதும், அங்கே விலங்கைப் பயன்படுத்தக் கூடாது. ஆனால் நரம்பணுத்திரளில் தங்கி உறங்கும் வைரஸைக் காவல்காக்கும் டி செல்கள், மனஅழுத்தத்தின்போது சுரக்கும் ஹார்மோன்கள், தோலுக்குத் திரும்பும் வைரஸை அங்கே எதிர்கொள்ளும் திசு ஆகியவை ஒருங்கே இயங்குவதை உயிருள்ள உடலில்தான் இன்றும் காண முடிகிறது.