ஐந்தாம் வகுப்பும் பின்னமும்: ஒரு கடிதமும் பதிலும்

வணக்கம்.

எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரே அறையில் வைத்து நடத்துகிறேன். ஐந்தாம் வகுப்பில் பதினொரு பேர். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் ஓரளவு வந்துவிட்டன. பின்னம் என்றால்தான் எல்லாம் தலைகீழாகிறது. 1/4 பெரியதா, 1/8 பெரியதா என்று கேட்டால் "எட்டுதானே டீச்சர் பெரிசு" என்கிறார்கள். 1/2 + 1/3 = 2/5 என்று எழுதுகிறார்கள். திருத்தினால் அன்றைக்குச் சரியாகப் போடுகிறார்கள், அடுத்த வாரம் பழையபடிதான். படம் வரைந்து நிழலிட வைத்தேன். நிழலை அழகாக இடுகிறார்கள், கணக்கு வரவில்லை. விதியை மனப்பாடம் செய்யவைத்து ஆறாம் வகுப்புக்கு அனுப்பிவிடலாமா? காகிதம் வெட்டும் வேலைக்கெல்லாம் நேரம் செலவிடுவது தகுமா? வாய்ப்பாடே சரியாக வராத மூன்று பிள்ளைகளை என்ன செய்வது?

ஓர் ஆசிரியை, திருவண்ணாமலை மாவட்டம்

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் பிள்ளைகள் 2/5 என்று எழுதுவது கவனக்குறைவால் வருவதில்லை. 1/2 என்பது அவர்கள் கண்ணுக்கு ஓர் எண்ணாகவே தெரியவில்லை. மேலே ஒன்று, கீழே இரண்டு, நடுவில் ஒரு கோடு, அவ்வளவுதான். இரண்டு எண்கள் தெரிந்தால் மேலே உள்ளதை மேலே உள்ளதோடும் கீழே உள்ளதைக் கீழே உள்ளதோடும் கூட்டத்தான் தோன்றும். எட்டு நான்கைவிடப் பெரியது என்பதும் அதே பார்வைதான். இது நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் உள்ள சிக்கலும் அல்ல. 1978-இல் அமெரிக்காவில் நடந்த தேசிய அளவிலான தேர்வு ஒன்றில் 12/13 + 7/8 ஏறத்தாழ எவ்வளவு என்று கேட்டு, 1, 2, 19, 21 என்று விடைகளையும் கொடுத்தார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்று ஒன்று, எனவே 2. பதின்மூன்று வயதுப் பிள்ளைகளில் 24 சதவீதத்தினர்தான் அதைச் சொன்னார்கள். பாதிக்கு மேற்பட்டோர் தேர்ந்தெடுத்தது 19 அல்லது 21. விதியெல்லாம் படித்துவிட்டு வந்த பிள்ளைகள் அவர்கள்.

ஆகவே விதியை மனப்பாடம் செய்யவைத்து அனுப்பாதீர்கள். ஆறாம் வகுப்பில் வேற்றினப் பின்னங்கள், அதாவது கீழே வெவ்வேறு எண்கள் உள்ள பின்னங்கள், முழுவீச்சில் வரும்போது அந்த மனப்பாடம் ஒரு மாதம்கூடத் தாங்காது.

நிழலிடுவது ஏன் கைகொடுக்கவில்லை என்பதற்கும் காரணம் உண்டு. நான்கு சமக் கட்டங்களைப் புத்தகமே வரைந்து கொடுத்துவிடுகிறது. பிள்ளை மூன்றை எண்ணி நிழலிடுகிறது. அங்கே நடப்பது எண்ணும் வேலை மட்டுமே. ஒரு செவ்வகத்தை வேண்டுமென்றே சமமில்லாத நான்கு துண்டாகப் பிரித்து, ஒன்றை நிழலிட்டு, "இது 1/4 தானா?" என்று நாளைக்குக் கேட்டுப் பாருங்கள். பலர் ஆமாம் என்பார்கள். சமபாகம் என்பதை அவர்கள் கையே உண்டாக்க வேண்டும். அதற்குத்தான் காகிதம்.

வட்டத்தில் தொடங்க வேண்டாம். தோசையும் ரொட்டியும் பாதி, கால் வரைக்கும் சரி. வட்டத்தை மூன்றாகவோ ஆறாகவோ கண்ணளவில் சமமாகப் பிரிக்கப் பெரியவர்களாலேயே முடியாது. நீளப் பட்டைதான் நல்லது, அதுவும் 24 செ.மீ. நீளம், 3 செ.மீ. அகலம். 24 எதற்கு என்றால் பாதி 12, மூன்றிலொன்று 8, கால் 6, ஆறிலொன்று 4, எட்டிலொன்று 3, பன்னிரண்டிலொன்று 2 என்று எல்லாமே முழு சென்டிமீட்டரில் விழும். ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. என்பதால் ஒரு தாளில் ஏழு பட்டைகள் கிடைக்கும். ஒரு பிள்ளைக்கு வேண்டிய பட்டைகளும் ஏழு: முழுசு, 1/2, 1/3, 1/4, 1/6, 1/8, 1/12. ஒவ்வொரு பின்னத்துக்கும் ஒரு நிறம், அது வகுப்பு முழுவதற்கும் ஒரே நிறம். ஏழு நிறங்களில் இரண்டிரண்டு தாள் வாங்கினால் பதினான்கு பேருக்கு ஆகிவிடும். உங்கள் பதினொரு பேர் போக மூன்று தொகுப்பு மிஞ்சும். தொலைகிற துண்டுகளுக்கு அவை வேண்டியிருக்கும்.

வெட்டுவதற்கு முன் ஒரு பாடவேளை முழுக்க மடிப்பு மட்டும் செய்யுங்கள், செய்தித்தாள் பட்டைகளில். சார்ட் தாள் தடிமன், மூன்றாவது மடிப்பிலேயே ஓரம் நழுவிவிடும். ஒரு முறை மடித்தால் இரண்டு பாகம், இரண்டு முறை மடித்தால் நான்கு. மூன்றாவது முறை மடித்ததும் பிரிக்கவிடாமல், எத்தனை பாகம் இருக்கும் என்று கேளுங்கள். ஆறு என்பார்கள். சிலேட்டில் எழுதவைத்துவிட்டுப் பிறகு பிரிக்கச் சொல்லுங்கள். எட்டு இருக்கும். ஒவ்வொரு மடிப்பும் இருக்கிற எல்லாப் பாகங்களையும் பாதியாக்குகிறது என்பதை அங்கே அவர்களே பேசிக் கண்டுபிடிக்கட்டும், நீங்கள் சொல்ல வேண்டாம். பாகம் கூடக்கூடத் துண்டு சிறுத்துக்கொண்டே போவதும் அப்போதுதான் கண்ணில் படும். "எட்டுதானே பெரிசு" என்ற பேச்சு குறையத் தொடங்கும் இடம் அதுதான்.

மூன்றாக மடிப்பதுதான் சிரமம். பட்டையை வளைத்து மூன்று அடுக்காகச் சுருட்டி, இரண்டு ஓரங்களும் சரியாக வந்து நிற்கும்வரை தளர்வாகவே நகர்த்தி, கடைசியில் அழுத்த வேண்டும். முதலிலேயே அழுத்திவிட்டால் மூன்றாவது பாகம் குட்டையாகிவிடும். மூன்றாக மடித்ததைப் பாதியாக்கினால் ஆறு.

அளந்து வெட்டும்போது வரும் தப்புகள் வேறு. பிள்ளைகளிடம் இருப்பது பெரும்பாலும் 15 செ.மீ. ஸ்கேல், பட்டையோ 24. ஒவ்வொரு 2 செ.மீ.க்கும் ஸ்கேலை எடுத்தெடுத்து வைத்தால் ஒரு துண்டுக்கு 1 மி.மீ. பிசகினாலும் பன்னிரண்டு துண்டில் 1 செ.மீ.க்கு மேல் போய்விடும். அப்புறம் பன்னிரண்டு துண்டும் சேர்ந்து முழுசுக்குச் சமமாகாது. "சமம்" என்று நீங்கள் சொல்வதை அந்தப் பிள்ளை நம்பாது, நம்பக் கூடாதுதான். எனவே முதலில் பாதியாக மடித்து 12-இல் மடிப்புக் கோடு விழவைத்து, அதன் இரு பக்கமும் தனித்தனியாக ஸ்கேலை ஒரே தடவை வைத்து 2, 4, 6, 8, 10 என்று குறிக்கட்டும். ஸ்கேலின் முனையிலிருந்தோ 1-இலிருந்தோ தொடங்குகிறவர்களைச் சுற்றிவந்து பாருங்கள். துண்டுகளின் பின்புறம் பெயரின் முதலெழுத்து இருக்கட்டும். 1/3, 1/4 என்பதை ஒரு பக்கம் மட்டும் எழுதுங்கள். இரண்டாவது வாரம் வெற்றுப் பக்கத்தைத் திருப்பிவைத்துத்தான் விளையாட வேண்டும்.

ஐந்திலொன்று இந்தப் பட்டையில் வராது. அதற்காக 20 செ.மீ.யில் தனிப் பட்டை வெட்டித் தராதீர்கள். 20-இல் ஐந்திலொன்றும் 4 செ.மீ., 24-இல் ஆறிலொன்றும் 4 செ.மீ. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பிள்ளை 1/5-உம் 1/6-உம் சமம் என்று முடிவுகட்டும். முழுசு ஒன்றாக இருந்தால்தான் பின்னங்களை ஒப்பிட முடியும். சார்ட் தாளில் 60 செ.மீ. பட்டைகளை வெட்டிச் சுவரில் ஒன்றின்கீழ் ஒன்றாக ஒட்டுங்கள். பாதி 30, மூன்றிலொன்று 20, கால் 15, ஐந்திலொன்று 12, ஆறிலொன்று 10, பத்திலொன்று 6 எல்லாம் அதில் ஒழுங்காக வரும்.

விளையாட்டு இப்படி. ஒரு பகடையின் ஆறு முகங்களில் 1/2, 1/3, 1/4, 1/6, 1/12, 1/12 என்று எழுதி ஒட்டுங்கள். முழுப்பட்டையைக் கீழே வைத்து, விழுந்த துண்டை அதன்மேல் வைத்துக்கொண்டே போக வேண்டும். மிச்ச இடத்தில் கொள்ளாத துண்டு விழுந்தால் ஆட்டம் அடுத்தவருக்கு. மிகச் சரியாக மூடுகிறவர் ஜெயித்தார். இரண்டு நாள் கழித்துத் திருப்பி ஆடுங்கள்: முழுசிலிருந்து தொடங்கி விழுந்ததை எடுக்க வேண்டும். கையில் 1/3 துண்டு மட்டும் இருக்கும்போது 1/4 விழுந்தால் என்ன செய்வது? 1/3-ஐக் கொடுத்துப் பன்னிரண்டிலொன்று நான்கு வாங்கி, மூன்றைக் கழித்து, ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும். சமான பின்னம் இங்கே ஒரு தேவையாக வந்து நிற்கிறது. 1/8-ஐப் பகடையில் சேர்க்காதீர்கள். மூன்றிலொன்றும் எட்டிலொன்றும் சந்தித்தால் 1 செ.மீ. துண்டுகள் கேட்கும், ஆட்டம் சிக்கிக்கொள்ளும்.

இதற்குப் பிறகு 1/2 + 1/3. பாதித் துண்டையும் மூன்றிலொன்றையும் அடுத்தடுத்து வைத்து, இரண்டையும் ஒரே நிறத் துண்டுகளால் மூடச் சொல்லுங்கள். கால் துண்டால் முடியாது, எட்டிலொன்றாலும் முடியாது. ஆறிலொன்று ஐந்து வைத்தால் சரியாக மூடும். 5/6. 2/5 என்று எழுதிய பிள்ளையிடம் ஒரு கேள்வி மட்டும் போதும்: "பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தபிறகு, பாதியைவிடக் குறையுமா?" சுவர்ப்பட்டையில் 2/5 பாதிக்கும் உள்ளேயே நின்றுவிடுவதை அது போய்ப் பார்க்கட்டும். இந்த நாட்களில் மதிப்பெண்ணைப் பின்னத்துக்கு உதாரணமாகக் காட்ட வேண்டாம். ஒரு தேர்வில் 5-க்கு 3, இன்னொன்றில் 10-க்கு 4, மொத்தம் 15-க்கு 7. அங்கே மேலும் கீழும் கூட்டுவதுதான் சரி, ஏனென்றால் முழுசும் சேர்ந்து வளர்கிறது. பிள்ளைகளின் தப்புக்கு அந்த உதாரணமே சாட்சி சொல்லிவிடும்.

ஒரு கயிற்று வேலையும் அவசியம். 240 செ.மீ. கயிற்றைச் சுவரோரம் கட்டி, இடது முனையில் 0, நடுவில் 1, வலது முனையில் 2. துணி மாட்டும் கிளிப்பால் 1/2 அட்டையை மாட்டச் சொன்னால் சிலர் நேராகப் போய் 1 இருக்கும் இடத்தில் மாட்டுவார்கள். கயிற்றில் பாதி என்று புரிந்துகொண்டார்கள். 0-இலிருந்து 1 வரைதான் முழுசு என்று அவர்கள் காலால் நடந்து காட்டட்டும். 3/4, 1 1/2, 5/4 என்று தொடருங்கள்.

ஊரில் யார் வீட்டிலாவது படியும் ஆழாக்கும் இருந்தால் ஒரு நாள் மணலை அளக்கவிடுங்கள். எட்டு ஆழாக்கு ஒரு படி. தலை தட்டி அளக்க வேண்டும். குவித்து அளந்தால் எட்டு ஆழாக்கு படியில் கொள்ளாமல் வழியும். தண்ணீர் பாட்டிலில் உயரத்தைச் சமமாகப் பிரித்துக் கோடு போடுவது தப்பு, அடியும் கழுத்தும் குறுகல். அளந்து ஊற்றி ஊற்றித்தான் கோடு போட வேண்டும்.

நேரம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எல்லாம் சேர்ந்து பத்துப் பன்னிரண்டு பாடவேளை ஆகும். விதியை நடத்த இரண்டு, மறந்ததை மறுபடி நடத்த வாரத்துக்கு ஒன்று என்று இப்போது நீங்கள் செலவழிப்பதும் குறைவில்லை. நான்காம் வகுப்பும் அதே அறையில் இருப்பது இதில் வசதி. அதே பட்டைகளில் அவர்கள் பாதி, கால், அரைக்கால் மடிக்கலாம், ஐந்தாம் வகுப்பு ஆறிலும் பன்னிரண்டிலும் இருக்கலாம்.

வாய்ப்பாடு வராத அந்த மூவரைத் தனியே உட்கார வைக்காதீர்கள். மடிக்க, மூட, மாற்றிக்கொள்ள வாய்ப்பாடு தேவையில்லை. விளையாட்டில் அவர்கள் மற்றவர்களுக்குச் சமமாகவே வருவார்கள். பகுதிகளை, அதாவது கீழே உள்ள எண்களை, சமமாக்கி எழுதிக் கணக்குப் போடும் கட்டத்தில்தான் 2, 3, 4, 6 வாய்ப்பாடுகள் வேண்டும். அப்போது அந்த நான்கை மட்டும் எடுத்துப் பழக்குங்கள், அதுவரை துண்டுகளை அவர்கள் மேசையிலேயே விட்டுவையுங்கள். கடைசியில் மூவருக்கும் கொடுக்கும் சோதனையில் எண்களைக் குறைத்து ஒரு 6 செ.மீ. துண்டைத் தாருங்கள்: "இது 3/4. முழுசை வரை." 8 செ.மீ. வரைந்தால் அந்தப் பிள்ளைக்குப் பின்னம் புரிந்துவிட்டது. 24 செ.மீ. வரைந்தால் அது துண்டின் நீளத்தை நினைவில் வைத்துக்கொண்டு, அதைக் கால் துண்டு என்று எடுத்திருக்கிறது. வேறு நீளமுள்ள காகிதத்தில் மறுபடி மடிக்கவையுங்கள்.