தலைக்கு நேர் மேலே ஒரு முழு கிரகணம்

கேள்வி: 2027 ஆகஸ்ட் 2 அன்று நிகழும் முழு சூரிய கிரகணத்தைப் பார்க்க எகிப்தின் லக்சருக்குப் போகிறோம். மனைவியும் 68 வயது அம்மாவும் உடன் வருகிறார்கள். என்னிடம் கிராப் சென்சார் கேமரா, 70–300 மி.மீ. லென்ஸ், சாதாரண ட்ரைபாட் ஒன்று இருக்கின்றன. பாலைவனத்துக்குள் போய்ப் படம் எடுக்க ஆசை. 600 மி.மீ. லென்ஸும் சூரியனோடு சேர்ந்து நகரும் டிராக்கரும் இல்லாமல் போகாதே என்கிறார்கள் நண்பர்கள். வாங்கத்தான் வேண்டுமா?
– ஒரு வாசகர்

பதில்: இரண்டும் வேண்டாம். கையில் இருப்பதே போதும். நண்பர்கள் லென்ஸைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள்; நீங்கள் சூரியன் நிற்கப்போகும் உயரத்தைப் பற்றிக் கவலைப்படுங்கள்.

லக்சரில் எகிப்தின் கோடை நேரப்படி பகல் ஒரு மணியைக் கடந்ததும் முழு கிரகணம் தொடங்கும். ஏறக்குறைய 6 நிமிடம் 20 விநாடி நீடிக்கும். இதைவிட நீண்ட முழு கிரகணம் இனி 2114-ல்தான். இந்தக் கிரகணத்தின் உச்ச அளவான 6 நிமிடம் 23 விநாடி, லக்சருக்குத் தென்கிழக்கே சுமார் 60 கி.மீ. தள்ளிக் கிடைக்கும். அந்த மூன்று விநாடிக்காக அலையாதீர்கள். அந்த நேரத்தில் சூரியன் அடிவானத்திலிருந்து 82 டிகிரி உயரத்தில், கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே இருக்கும். சாமான்கள், இடம், அம்மாவின் நாற்காலி எல்லாமே இந்த 82 டிகிரியை வைத்துத்தான் முடிவாக வேண்டும்.

முதலில் ட்ரைபாட். கைப்பிடி வைத்த சாதாரண தலைப்பகுதி பெரும்பாலும் இந்த அளவுக்கு அண்ணாந்து பார்க்காது. கைப்பிடி ட்ரைபாட் காலிலோ நடுத்தண்டிலோ இடித்து நின்றுவிடும். கேமராவைத் தலைப்பகுதியில் முன்பின்னாகத் திருப்பி மாட்டுங்கள். கீழே குனிவதற்காக வைத்த 90 டிகிரி வளைவு அப்போது மேலே நிமிர்வதற்குப் பயன்படும். பந்துத் தலை என்றால் தண்டைப் பக்கவாட்டுப் பள்ளத்தில் படுக்க வைத்து, கேமராவை நிமிர்த்துங்கள். இரண்டு முறையிலும் எடை ஒரு பக்கம் சாயும். அந்தப் பக்கம் ஒரு கால் நேர் கீழே வரும்படி ட்ரைபாடைத் திருப்பி வைக்கவில்லையென்றால் மொத்தமும் கவிழும். மணலில் கால்கள் மெல்லப் புதையும். ஒவ்வொரு காலுக்கும் கீழே உள்ளங்கை அகலப் பலகைத் துண்டு ஒன்று வையுங்கள்.

லென்ஸ் மேலே பார்க்கும்போது கேமராவின் திரை தரையைப் பார்க்கும். திரை வெளியே மடங்கி வராத கேமரா என்றால் தரையில் படுத்துத்தான் குறிபார்க்க வேண்டும். ஒரு பாய் எடுத்துப் போங்கள்.

உங்கள் லென்ஸில் இன்னொரு சங்கடம் உண்டு. 70–300 வகை ஜூம் லென்ஸ்களில் பல, 300-ல் நீட்டி நேர் மேலே நிறுத்தினால் தன் எடையாலேயே மெல்ல உள்ளே சரியும். 300-ல் வைத்தது பத்து நிமிடத்தில் 250-க்கு வந்திருக்கும், கூடவே ஃபோகஸும் போயிருக்கும். சூரிய ஒளியைக் குறைக்கும் ஃபில்டர் வழியாகச் சூரியனின் விளிம்பையோ கரும்புள்ளியையோ பெரிதாக்கிப் பார்த்துக் கையால் ஃபோகஸ் செய்து, ஜூம் வளையம், ஃபோகஸ் வளையம் இரண்டையும் துணி டேப்பால் ஒட்டிவிடுங்கள். லக்சரில் ஆகஸ்ட் மாதப் பகல் வெப்பம் சராசரியாக 41 டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டில் டேப்பின் பசை இளகும் என்பதால் மேலே ஒரு அகலமான ரப்பர் பேண்டும் போடுங்கள். சூடு ஏற ஏற ஃபோகஸ் நகரும். முழு கிரகணத்துக்கு ஐந்து நிமிடம் முன்பு மறுபடி சரிபாருங்கள்.

டிராக்கர் ஏன் வேண்டாம் என்கிறேன்? 300 மி.மீ.-ல் சூரியனின் பிம்பம் சென்சாரில் சுமார் 2.75 மி.மீ. விட்டத்தில் விழும். சுற்றிலும் கரோனா, அதாவது முழு கிரகணத்தில் மட்டும் தெரியும் சூரியனின் வெளி ஒளிவட்டம், விரிய இடம் தாராளமாக இருக்கும். சூரியன் தன் விட்டத்தின் அளவு நகர ஏறக்குறைய 2 நிமிடம் ஆகும். ஆக, முழு கிரகணம் முடிவதற்குள் நகர்வது சுமார் மூன்று விட்டம்தான். பகுதி கிரகணத்தின்போது அது திரையில் எந்தப் பக்கம் நகர்கிறது என்று கவனித்து, படத்தின் நீளவாட்டம் அதே திசையில் இருக்கும்படி கேமராவைத் திருப்புங்கள். தொடங்குவதற்குச் சற்று முன்பு சூரியனை மையத்துக்கு ஒன்றரை விட்டம் பின்னால் வைத்துவிட்டால், அது தானாக மையத்தைக் கடந்து மறுபக்கம் போகும். ட்ரைபாடைத் தொடவே வேண்டாம். அரை விநாடி எக்ஸ்போஷரில்கூடப் பிம்பம் இரண்டு மூன்று பிக்சல்தான் இழுபடும். வெளிக் கரோனாவின் மங்கலான இழைகளில் அது தெரியாது.

எக்ஸ்போஷருக்கு: ஐஎஸ்ஓ 100, எஃப்/8, ரா ஃபைல் (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு). சூரிய ஃபில்டரோடு (அடர்த்தி 5, அதாவது ஒளியை ஒரு லட்சத்தில் ஒரு பங்காகக் குறைப்பது) பகுதி கிரகணத்துக்கு 1/400 விநாடியில் தொடங்கிப் பாருங்கள். முழு கிரகணத்துக்கு இரண்டு ஸ்டாப் இடைவெளியில் (ஒவ்வொன்றிலும் ஒளி நான்கு மடங்கு) ஐந்து படத் தொடர் வையுங்கள்: 1/1000, 1/250, 1/60, 1/15, 1/4. சூரிய விளிம்பின் சிவந்த சுடர்களிலிருந்து நடுக் கரோனாவரை இதில் அடங்கிவிடும். முழு கிரகணத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் சூரியனின் ஒரு புள்ளி மட்டும் பளிச்சிடும் வைர மோதிரத்துக்கென்று தனியாக எதையும் மாற்ற வேண்டாம், இதே தொடரை ஓட விடுங்கள். நடுவில் ஒரு விநாடிப் படம் இரண்டு எடுத்தால் வெளிக் கரோனாவும் கிடைக்கும். ஆட்டோ ஃபோகஸ், ஆட்டோ ஐஎஸ்ஓ, அதிர்வுக் குறைப்பு, ஃபிளாஷ், தானாக அணையும் வசதி அனைத்தையும் அணைத்துவிடுங்கள். நீண்ட எக்ஸ்போஷர் இரைச்சல் நீக்கத்தையும் மறக்காமல் அணையுங்கள். அது இயங்கினால் ஒரு விநாடிப் படத்துக்கு இரண்டு விநாடி போகும். ஷட்டரை ரிமோட்டில் அழுத்துங்கள்.

ஃபில்டர் எப்போதும் லென்ஸின் முன்பக்கம்தான். மாட்டும்வரை லென்ஸ் மூடி போட்டே இருக்கட்டும். உச்சி வெயிலைக் குவித்தால் சென்சாரும் ஷட்டரும் கருகும். திருகி மாட்டும் ஃபில்டரைவிட மேலிருந்து கவிழ்க்கும் மூடி வகை இங்கே நல்லது. திருகும்போது ஃபோகஸ் அசையும். மூடியை நேராகத் தூக்கினால் போதும். காற்றில் பறக்காமலிருக்க இரண்டு டேப் துண்டு. முழு கிரகணத்துக்கு 15 விநாடி முன்பு எடுத்து, முடிந்து இரண்டாவது வைர மோதிரம் வந்ததும் உடனே மாட்டுங்கள். கண்ணுக்கு ஐஎஸ்ஓ 12312-2 தரக் கண்ணாடி. சூரியன் முழுதாக மறைந்த நிமிடங்களில் மட்டும் வெறுங்கண்ணால் பார்க்கலாம். பைனாகுலரில் பார்ப்பவர் முழு கிரகணம் தொடங்கியதிலிருந்து 5 நிமிடம் 45 விநாடிக்கு அலாரம் வைத்து, அடித்ததும் இறக்கிவிட வேண்டும்.

பகுதி கிரகணம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் முன்பே தொடங்கிவிடும். அவ்வளவு நேரமும் கறுப்புக் கேமரா வெயிலில் நின்றால், சூடேறி அணைந்துவிடும் அபாயம் உண்டு. லென்ஸ் முனையை மட்டும் விட்டு வெள்ளைத் துணியால் மூடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம் போதும், இடையில் திரையை அணையுங்கள்.

கோயில் தூணுக்கு மேலே கரோனா என்று ஒரு படம் மனதில் இருந்தால், பெரும்பாலான லென்ஸ்களில் அது அடங்காது. கிராப் கேமராவில் 10 மி.மீ. லென்ஸைச் செங்குத்தாகப் பிடித்தால்தான் அடிவானமும் சூரியனும் ஒரே படத்தில் வரும். அதற்குக்கூடச் செலவு வேண்டாம். ஃபோனின் மிக அகலக் கேமராவை நிமிர்த்தி, 40 டிகிரி மேல்நோக்கிச் சாய்த்து வைத்து வீடியோ ஓட விடுங்கள். சூரியன் சின்னதாகத்தான் தெரியும். ஆனால் அடிவானத்தில் அந்தி நிறம் படர்வது அதில்தான் பதியும்.

இனி இடம். அம்மாவோடு நடுப் பாலைவனம் வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. உச்சி வேளையில் சுவரோ வண்டியோ நிழல் தராது. குடை பிடித்தால் குடையே சூரியனை மறைக்கும். நைல் நதியின் மேற்குக் கரையில், பாலைவன விளிம்பை ஒட்டிய விடுதி ஒன்றின் மொட்டை மாடியைத் தேடுங்கள். அடிவானமும் தெரியும், கீழே குளிர்ந்த அறையும் இருக்கும். அம்மா கடைசிப் பத்து நிமிடத்துக்கு மேலே வந்து சாய்வு நாற்காலியில் படுத்தபடி பார்க்கலாம். நின்று அண்ணாந்தால் கழுத்து தாங்காது. ஜூலை 31-க்குள் போய்ச் சேருங்கள், ஆகஸ்ட் 2 இரவும் அங்கேயே தங்குங்கள்.

நீங்கள் மட்டும் பாலைவனம் போவதென்றால், பதிவு பெற்ற பயண நிறுவனம் மூலம் அனுமதி வாங்கியே போங்கள். கோயில் வளாகங்களில் ட்ரைபாடுக்கு அனுமதி உண்டா என்று முன்பே கேளுங்கள். ட்ரோன் எடுத்துப் போகாதீர்கள். அனுமதியில்லாத ட்ரோனை விமான நிலையத்திலேயே பறிமுதல் செய்துவிடுவார்கள். ஃபில்டர், பேட்டரி, பவர் பேங்க் மூன்றும் கைப்பையில் இருக்கட்டும்.