பூங்காவில் இரவு தங்கலாமா?

மே மாதம் பிறந்தால் போதும், ஒரே கேள்வி பத்து ஊர்ப் பெயர்களோடு வந்து சேரும்: "அங்கே டென்ட் போடலாமா?" ஐரோப்பாவில் இதற்கு ஒற்றைப் பதில் கிடையாது. பகலெல்லாம் யார் வேண்டுமானாலும் நடக்கலாம் என்று விடுகிற பூங்கா, இருட்டிய பிறகு யாரை உள்ளே வைத்துக்கொள்ளும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். சில இடங்களில் பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு மாறும். இந்தமுறை வந்த கேள்விகளில் சில:

கேள்வி: சுவிஸ் தேசியப் பூங்காவில் பிள்ளைகளுடன் இரண்டு இரவு கூடாரம் அடித்துத் தங்க ஆசை. எங்கே பதிவு செய்ய வேண்டும்? (சூரிச் வாசகர்)

பதிவு செய்ய இடமே இல்லை, ஏனென்றால் அங்கே கூடாரத்துக்கு அனுமதியே கிடையாது. வண்டிக்குள் படுப்பதும் கூடாது. 1914 ஆகஸ்ட் 1 அன்று தொடங்கிய பூங்கா அது. ஆல்ப்ஸ் மலைத்தொடரிலேயே மூத்தது, பரப்பு சுமார் 170 சதுர கிலோமீட்டர். மனிதக் கை படாமல் விட்டால் ஒரு மலைக்காடு தானாக என்ன ஆகும் என்று பார்ப்பதுதான் தொடங்கியவர்களின் எண்ணம். அதனால் விழுந்த மரம் விழுந்தபடியே கிடக்கும். பாதையைவிட்டு இறங்கக் கூடாது, பூப் பறிக்கக் கூடாது, தீ மூட்டக் கூடாது, கயிற்றில் கட்டிய நாய்க்குக்கூட அனுமதி இல்லை. நாடு முழுக்கச் சட்டதிட்டத்துக்குப் பேர்போன சுவிஸிலேயே இவ்வளவு கறார் வேறெங்கும் இல்லை.

ஆனால் ஆசையைக் கைவிட வேண்டாம். பூங்காவுக்குள் குளுவோட்சா என்ற மலைக்குடில் இருக்கிறது. ட்செர்னெட்ஸ் ஊரிலிருந்து ஏறத்தாழ மூன்று மணிநேர நடை. கோடையில் மட்டும் திறந்திருக்கும், முன்பதிவு கட்டாயம். கூடாரம்தான் வேண்டும் என்றால் ட்செர்னெட்ஸிலேயே கேம்பிங் தளம் உண்டு. அங்கே அடித்துவிட்டுக் காலையில் உள்ளே போய்வரலாம். 1991-இல் இங்கே தாடிக் கழுகுகளை மறுபடி பறக்கவிட்டார்கள். பைனாகுலர் எடுத்துப் போங்கள். மர்மோட் என்ற பெரிய மலை அணில் அடிக்கும் விசிலைக் கேட்ட பிள்ளைகளுக்குக் கூடாரம் மறந்துபோகும்.

கேள்வி: பிரான்ஸில் 'பிவுவாக்' செய்யலாம், 'கேம்பிங்' கூடாது என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானே? (லியோன்)

இல்லை, பிரான்ஸ் பூங்காக்களின் சூட்சுமமே இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. கேம்பிங் என்றால் குடியிருப்பது: நாற்காலி, மேசை, துணி காயப்போடும் கயிறு, நாலு நாள். பிவுவாக் என்றால் நடந்து போகிறவர் இரவுக்கு மட்டும் தலைசாய்ப்பது. எக்ரான், மெர்காந்தூர், பிரெனே பூங்காக்களில் மாலை 7 மணி முதல் காலை 9 மணி வரை கூடாரம் நிற்கலாம். அதுவும் பூங்கா எல்லையிலிருந்தோ வண்டி போகும் சாலையிலிருந்தோ ஒரு மணிநேரத்துக்கு மேல் நடந்து போகிற தூரத்தில். காலை ஒன்பது அடிக்கும்போது புல்லின்மேல் எதுவும் இருக்கக் கூடாது. தனிப்பட்ட சில ஏரிகளையும் பள்ளத்தாக்குகளையும் இதிலிருந்து விலக்கியிருப்பார்கள். புறப்படும் முன் அந்தந்தப் பூங்கா அலுவலகப் பலகையைப் பாருங்கள்.

எக்ரானுக்குப் பக்கத்திலேயே இருக்கும் வனுவாஸ் பூங்காவில் கதை வேறு. அங்கே குறிப்பிட்ட சில மலைக்குடில்களின் அருகில் மட்டுமே, முன்பதிவு செய்து, கட்டணம் கட்டி. மார்செய் பக்கம் கலாங்க் பூங்காவில் பிவுவாக்கும் கிடையாது. கோடையில் காட்டுத்தீ அபாயம் ஏறினால் பகலில் நடக்கக்கூட விடமாட்டார்கள்.

இந்த ஏழு முதல் ஒன்பது கணக்கு எனக்குப் பிடித்த விதி. யாரையும் துரத்தவில்லை, யாரையும் உட்காரவைக்கவும் இல்லை.

கேள்வி: நோர்வேயில் எங்கட குடும்பம் மூன்று கூடாரத்தோட போகுது. எங்கேயும் அடிக்கலாம்தானே அண்ணா? (ஒஸ்லோ)

கிட்டத்தட்ட. 1957-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை அது, ஆனால் பயிர்நிலத்துக்கும் வீட்டு முற்றத்துக்கும் பொருந்தாது. ஆள் இருக்கும் வீட்டிலிருந்தோ கோடைக் குடிலிலிருந்தோ 150 மீட்டர் தள்ளி அடிக்க வேண்டும். ஒரே இடத்தில் இரண்டு இரவுக்கு மேல் என்றால் நில உரிமையாளரைக் கேட்க வேண்டும். உயர்மலையிலும் ஊர்களுக்கு வெகுதொலைவிலும் இந்தக் கணக்குப் பார்ப்பதில்லை. ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை காட்டிலும் காட்டோரத்திலும் தீ மூட்டத் தடை. பலர் இதைத்தான் மறக்கிறார்கள். மூன்று கூடாரமும் பத்துப் பேருமாகப் போகும்போது 150 மீட்டர் சட்டத்துக்குப் போதும், அயலவர் காதுக்குப் போதாது. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போங்கள்.

கேள்வி: குரோஷியாவின் பிளிட்விட்சே ஏரிக்கரையில் கூடாரம், காலையில் ஒரு குளியல்? (துபாய்)

இரண்டுக்கும் தடை. அந்த நீர்வீழ்ச்சிகளைத் தாங்கும் அணைகள் பாசியும் சுண்ணாம்பும் சேர்ந்து வளர்ந்தவை; கால் பட்டால் நொறுங்கும். பூங்காவுக்கு வெளியே கேம்பிங் தளங்கள் உண்டு.

கேள்வி: மலைமேல் சாதம் வேகவே இல்லை. அடுப்பின் குற்றமா? அடுத்தமுறை கேஸ் குப்பியை ஊரிலிருந்தே கொண்டுபோகலாமா? (பெங்களூரு)

குற்றம் உயரத்துடையது. 2000 மீட்டரில் தண்ணீர் 93 டிகிரிக்கே கொதித்துவிடும். அரிசி வேக நேரம் கூடும், துவரம்பருப்பு விடிய விடிய வேகாது, குப்பி மட்டும் காலியாகும். நான் மலைக்கு அரிசி கொண்டுபோவதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. வறுத்த ரவை, அவல், சேமியா போதும். பருப்புதான் வேண்டும் என்றால் மைசூர் பருப்பைக் காலையில் ஒரு பாட்டிலில் ஊறப்போட்டுப் பையில் வைத்துக்கொண்டு நடங்கள். மாலையில் பத்து நிமிடத்தில் குழைந்துவிடும். பிரான்ஸ் கடைகளில் எங்கும் கிடைக்கும், கோதுமை ரவை போன்ற கூஸ்கூஸில் வெந்நீர் ஊற்றி மூடி, ஐந்து நிமிடம் கழித்துப் புளிக்காய்ச்சலைப் போட்டுக் கிளறிப் பாருங்கள். புளியோதரை என்று சத்தியம் செய்ய முடியாது, ஆனால் எட்டு மணிநேரம் ஏறியவர் யாரும் சண்டைக்கு வரமாட்டார்.

கேஸ் குப்பியை விமானத்தில் கைப்பையிலும் பெட்டியிலும் கொண்டுபோகக் கூடாது. இறங்கிய ஊரில் வாங்குங்கள். இரண்டு வகை உண்டு: திருகி மாட்டுவது, அழுத்திச் சொருகுவது. பிரான்ஸின் சின்ன ஊர்க் கடைகளில் பெரும்பாலும் இரண்டாவது வகைதான் இருக்கும். உங்கள் அடுப்பு எது என்று முதலில் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியிலோ சுவிஸிலோ போய் இறங்கினால் கடை மூடியிருக்கும், அன்று ரொட்டிதான்.

கூடவே ஒன்று: ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் பால், இறைச்சிப் பொருட்களைக் கொண்டுவரக் கூடாது. நெய்யும் அதில் அடக்கம். கருவாட்டுக்குத் தடையில்லை, கூடாரத்துக்குள் அதைத் திறந்தால் விளைவுக்கு நான் பொறுப்பல்ல.

கேள்வி: ஹோட்டல் எதுவும் போடாமல் முழுப் பயணமும் கூடாரம்தான். ஷெங்கன் விசா கிடைக்குமா? (சென்னை)

தங்குமிடத்துக்கு ஆதாரம் கேட்பார்கள். கேம்பிங் தளமும் தங்குமிடம்தான். உங்கள் பெயர், தேதி, முகவரியோடு உறுதிசெய்த பதிவுத் தாள் வையுங்கள். "மலையில் அங்கங்கே படுப்போம்" என்று எழுதாதீர்கள். நடுவில் ஓரிரு பிவுவாக் இரவுகள் இருந்தால் அந்தத் தேதிகளுக்கு மலைக்குடில் பதிவு செய்துவிடுவது நல்லது. விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். அதில் மலைமீட்பு சேருமா என்று சின்ன எழுத்தைப் படியுங்கள். பல காப்பீடுகளில் சேராது, ஹெலிகாப்டர் செலவு உங்கள் தலையில் விழும்.

கேள்வி: உண்ணிக் கடிக்கு ஏன் இவ்வளவு பயம் காட்டுகிறீர்கள்? மாட்டில் பார்க்காத உண்ணியா? (மியூனிக்)

உண்ணி பழையதுதான், அது சுமக்கும் நோய்தான் வேறு. இரண்டைக் கவனிக்க வேண்டும். ஒன்று லைம் நோய்: கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் நாளாக ஆகப் பெரிதாகும், ஒரு மாதம் வரை தோலைப் பார்த்துவாருங்கள், கண்டால் மருத்துவரிடம் போங்கள், ஆன்டிபயாடிக்கில் குணமாகும். மற்றது மூளையழற்சி வைரஸ்: மருந்து கிடையாது, தடுப்பூசி உண்டு. தெற்கு ஜெர்மனி, ஆஸ்திரியா, செக், பால்டிக் நாடுகளில் அடிக்கடி கூடாரம் போடுகிறவர் போட்டுக்கொள்வதே புத்திசாலித்தனம். உண்ணியை எடுக்க எண்ணெய், தீக்குச்சி எல்லாம் வேண்டாம். கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள்.

கேள்வி: ஸ்லீப்பிங் பேக்கில் "0 டிகிரி" என்று போட்டிருந்தது. 5 டிகிரியிலேயே நடுங்கினேன். ஏமாற்றிவிட்டார்களா? (பர்மிங்ஹாம்)

என் முதல் எக்ரான் இரவும் இதேதான், விடியும்வரை பல் தந்தியடித்தது. பையில் மூன்று எண் இருக்கும். சுகமாகத் தூங்க ஒன்று. ஒடுங்கிப் படுத்தால் சமாளிக்க ஒன்று. உயிர் தப்ப ஒன்று. கடைக்காரர் பெரும்பாலும் நடு எண்ணைத்தான் பெரிதாகப் போடுவார். நீங்கள் முதல் எண்ணைப் பாருங்கள், குளிர் தாங்காத நம்மைப் போன்றவர்கள் அதற்கும் மேலே ஐந்து டிகிரி சேர்த்துக்கொள்ளுங்கள். அடியில் விரிக்கும் பாய் மெல்லிசாக இருந்தால் எந்தப் பையும் உதவாது. குளிர் பாதி தரையிலிருந்துதான் ஏறும். ஏரிக்கரை படத்துக்கு அழகு, ஆனால் குளிர்காற்று இறங்கித் தேங்குவதும் அங்கேதான். கொஞ்சம் மேட்டில் அடியுங்கள்.

கேள்வி: வாழ்க்கையில் முதல் முறை. இரண்டு நாள்தான் இருக்கிறது. ஒரே ஒரு இடம் சொல்லுங்கள் அக்கா என்று என் மனைவிக்கு எழுதியிருக்கிறார் ஒரு தங்கை. (ஹெல்சின்கி)

மனைவி என்னிடம் தள்ளிவிட்டார். வெளியே எங்கும் போகவேண்டாம், உங்கள் பக்கத்திலேயே இருக்கும் நூக்ஸியோ தேசியப் பூங்காவுக்குப் போங்கள். எஸ்போவிலிருந்து பேருந்து உண்டு. குறித்த இடங்களில் மட்டும் கூடாரம் அடிக்கலாம், கட்டணம் இல்லை. அங்கேயே தீ மூட்டும் வட்டம், பூங்காவே தரும் விறகு, உலர் கழிப்பறை எல்லாம் இருக்கும். காட்டுத்தீ எச்சரிக்கை உள்ள நாளில் மட்டும் தீ கூடாது, அதனால் சின்ன அடுப்பு ஒன்று கையில் இருக்கட்டும். குப்பைத்தொட்டி கிடையாது, பை எடுத்துப்போங்கள். ஜூலையில் கொசு பிடுங்கும். செப்டம்பர் கடைசியில் இலை பழுத்திருக்கும், கொசு இருக்காது; மாலை ஏழரைக்கெல்லாம் இருட்டத் தொடங்கும், தலைவிளக்கை மறக்காதீர்கள்.