வால்வு கசிகிறது என்றால் இதயத்தில் ஓட்டை என்று அர்த்தமில்லை

கேள்வி: எனக்கு 44 வயது. வீரவநல்லூர் பக்கம் ஒரு கிராமம். பீடி சுற்றுகிறேன். போன மாதம் காய்ச்சலுக்குப் போனபோது, டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு எக்கோ ஸ்கேன் எடுக்கச் சொன்னார். ரிப்போர்ட்டில் ‘மாடரேட் எம்.ஆர்., ஈ.எஃப். 64 சதவீதம்’ என்று இருக்கிறது. வால்வு கசிகிறதாம். மாத்திரை தரவில்லை, ஒரு வருஷம் கழித்து வரச் சொன்னார்கள். 11 வயதில் முழங்கால், கணுக்கால் என்று மாறி மாறி வீங்கிக் காய்ச்சலில் கிடந்தேன். கொஞ்ச நாள் ஊசி போட்டோம், அப்புறம் நிறுத்திவிட்டோம். இப்போது ‘ஹார்ட்ல ஓட்டையாம்லா’ன்னு தெருவில் பேசுதாவ. ராத்திரி தூக்கமே இல்லை. வேலை செய்யலாமா? ஆபரேஷன் வேண்டுமா? என் பிள்ளைகளுக்கும் இது வருமா?

பதில்: அம்மா, தெருவில் பேசுகிறவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுவோம். இதயத்தில் ஓட்டை என்பது அறைகளுக்கு நடுவே உள்ள சுவரில் பெரும்பாலும் பிறவியிலேயே இருக்கும் துவாரம். உங்களுக்கு வந்திருப்பது அதுவல்ல. உங்களுக்குக் கதவுதான் சரியாகப் பொருந்தி மூடவில்லை.

கன்னடியன் கால்வாய்த் தண்ணீர் எட்டாத மேட்டு வயல்களில் கிணற்று மோட்டார் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். குழாயின் அடியில் ஃபுட்வால்வு இருக்கும். தண்ணீரை மேலே ஏற விடும், கீழே இறங்க விடாது. அது தேய்ந்துபோனால் ஏறிய தண்ணீரில் ஒரு பங்கு கிணற்றுக்கே திரும்பிவிடும். உங்கள் இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள மைட்ரல் வால்வு அப்படிப்பட்ட ஒரு கதவு. இரண்டே இரண்டு மெல்லிய இதழ்கள், நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை திறந்து மூடுகின்றன. மூடும்போது விளிம்பில் இடைவெளி விழுந்தால் ரத்தம் கொஞ்சம் பின்னுக்குப் பீய்ச்சும். அந்த ‘உஸ்’ சத்தத்தைத்தான் உங்கள் டாக்டர் குழாயில் கேட்டிருக்கிறார். நல்ல காது அவருக்கு.

மோட்டாருக்கும் இதயத்துக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. கசிவை ஈடுகட்ட இதயம் தன்னையே கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கிக்கொள்ளும். வருஷக்கணக்கில் உங்களுக்குத் தெரியாமலே சமாளிக்கும். எனக்குக் கவலை தருவது அந்தச் சமாளிப்புதான்.

பல வருஷங்களுக்கு முன், உங்களைப் போலவே நடுத்தரக் கசிவோடு ஒரு பெண் என்னிடம் வந்தார். இரண்டு தடவை வந்தார், பிறகு காணவில்லை. ஆறு வருஷம் கழித்து மகன் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தான். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று மூன்று வாரமாகத் திண்ணைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கியிருக்கிறார். கால் வீங்கிக் கொலுசு சதைக்குள் பதிந்திருந்தது. ‘ஒண்ணுஞ் செய்யல டாக்டர், அதான் வரல’ என்றார். உயிரைக் காப்பாற்றினோம். ஆனால் விரிந்த இதயம் பழைய அளவுக்குத் திரும்பவில்லை. முதல் நாளே இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாமே என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றும். உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுவதும் அதனால்தான்.

இப்போது உங்கள் ரிப்போர்ட். எம்.ஆர். என்றால் மைட்ரல் வால்வுக் கசிவு. கசிவை லேசானது, நடுத்தரம், கடுமையானது என்று பிரிப்போம். லேசான கசிவு நல்ல ஆரோக்கியமுள்ள பலருக்கும் எக்கோவில் தெரியும். உங்களுடையது நடுத்தரம். ஈ.எஃப். என்பது ஒவ்வொரு துடிப்பிலும் கீழறை எத்தனை சதவீத ரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்ற கணக்கு. மற்றவர்களுக்கு 55 இருந்தாலே திருப்திப்படுவோம். மைட்ரல் கசிவில் அந்தக் கணக்கு நம்மை ஏமாற்றும், ஏனென்றால் பின்னால் போகும் ரத்தமும் அதில் சேர்ந்துவிடுகிறது. ஆகவே கசிவு கடுமையாகி, ஈ.எஃப். 60க்கு இறங்கினாலோ, சுருங்கிய நிலையில் கீழறையின் அளவு 40 மில்லிமீட்டரைத் தொட்டாலோ, உடம்பில் தொந்தரவே இல்லாவிட்டாலும் ஆபரேஷனைப் பற்றிப் பேசுவோம். நீங்கள் அந்த இடத்தில் இல்லை. மாத்திரை தராததும் சரியே. தேய்ந்த வால்வை ஒட்டவைக்கும் மாத்திரை கிடையாது. நடுத்தரக் கசிவுக்கு 1 முதல் 2 வருஷத்துக்கு ஒருமுறை எக்கோ போதும். பழைய ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள். ஒற்றை எண்ணை விட, இரண்டு வருஷத்து எண்களை அருகருகே வைத்துப் பார்ப்பதில்தான் எங்களுக்கு விஷயம் தெரியும்.

நாள் வரும்வரை காத்திருக்கக் கூடாத சில அறிகுறிகள் உண்டு. போன மாதம் நிற்காமல் ஏறிய படிக்கட்டில் இந்த மாதம் நின்று மூச்சு வாங்குவது, படுக்க ஒரு தலையணை போதாமல் இரண்டு மூன்று தேவைப்படுவது, நெஞ்சு தாறுமாறாகப் படபடப்பது, கால் வீக்கம். படபடப்பை விட்டுவிடாதீர்கள். மேலறை தாளம் தப்பித் துடித்தால் அங்கே ரத்தம் உறைந்து மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரலாம். அதைத் தடுக்க மருந்து உண்டு. இன்னொன்று, புகையிலைத் தூளில் உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கு மூச்சிரைப்பு நுரையீரலாலும் வரும். உங்கள் தொழிலை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

வேலை செய்யலாம், நடக்கலாம், மாடிப்படி ஏறலாம். மூச்சு வாங்காதவரை வீட்டு வேலை எதையும் விலக்க வேண்டாம். தட்டை மடியில் வைத்து நாள் முழுக்க உட்காராமல், மணிக்கு ஒருமுறை எழுந்து தெருமுனை வரை நடந்து வாருங்கள். முதுகு வலிக்கிறது என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போடும் வலி மாத்திரைகளை மட்டும் நிறுத்துங்கள். அவற்றில் பல உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும், ரத்த அழுத்தத்தை ஏற்றும். அழுத்தம் ஏறினால் கசிவும் கூடும். கருவாடு, ஊறுகாய், கல்லிடைக்குறிச்சி அப்பளம் எல்லாம் நம் ஊர்ச் சொத்துதான், ஆனால் தினமும் வேண்டாம். எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு உப்பு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன் அளவு.

பல்லைக் கவனியுங்கள். ஈறில் சீழ் வைத்தால் கிருமி ரத்தத்தில் கலந்து, பழுதான வால்வில் போய் ஒட்டலாம். புகையிலை போடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். பல் பிடுங்கப் போனால் வால்வுக் கசிவு இருப்பதை முதலிலேயே சொல்லுங்கள். காரணம் தெரியாத காய்ச்சல் ஒரு வாரம் நீடித்தால் நீங்களாக ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போடாமல் ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள்.

ஆபரேஷன் உங்களுக்கு ஒருவேளை தேவைப்படாமலே போகலாம். தேவைப்பட்டால், முடிந்தவரை உங்கள் வால்வையே சரிசெய்யப் பார்ப்பார்கள், முடியாவிட்டால் மாற்றுவார்கள். பக்கத்துத் திருவனந்தபுரத்தில் ஸ்ரீசித்திரா நிறுவனம் உருவாக்கிய செயற்கை வால்வு 1990இலிருந்து நம் மக்களுக்குப் பொருத்தப்படுகிறது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டையை இப்போதே எடுத்து வையுங்கள். ஆபரேஷன் நேரத்தில் அதற்காக அலையக் கூடாது.

பிள்ளைகளுக்கு இது ரத்தத்தில் வருவதில்லை. உங்கள் வால்வைக் கெடுத்தது பெரும்பாலும் அந்த 11 வயது மூட்டுக் காய்ச்சல். தொண்டைப் புண்ணைச் சரியாகக் கவனிக்காமல் விட்டால், இரண்டு மூன்று வாரம் கழித்து வருவது அது. அது மறுபடி வராமலிருக்க 21 நாளுக்கு ஒருமுறை போடும் பென்சிலின் ஊசியை வால்வு பழுதானவர்களுக்கு 40 வயது வரையாவது தொடரச் சொல்வோம். உங்களுக்கு அந்த வயது கடந்துவிட்டது. இனித் தேவையா என்பதை இதய மருத்துவரிடம் கேளுங்கள். ஊசியைப் பாதியில் நிறுத்தியதற்கு உங்கள் அம்மா அப்பாவை நோக வேண்டாம். மூட்டு வலி போனதும் நோயும் போய்விட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். வீட்டில் 5 முதல் 15 வயதுப் பிள்ளை யாராவது தொண்டை வலி, காய்ச்சல் என்று சொன்னால், வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொல்வதோடு விடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.